லிப்ட் நின்றுபோன மலைகள்

கிளிநொச்சியில் அம்மாவின் வீட்டு விறாந்தையில், சாய்மனைக் கதிரைக்கு மேலே, வளையில் ஒரு மரக்கட்டை தொங்குகிறது. ஒரு மீற்றர் அளவு நீளம். நடுவில் இரும்புப் பூண் போட்ட தண்டு, அதன் இரண்டு பக்கமும் கை நீட்டினதுபோல மரம். ஆயிரக்கணக்கான பேரின் தொடை உரசி உரசி அந்த மரம் பழைய அம்மிக் குழவிபோல மழமழத்துக் கிடக்கிறது. போன ஆடி மாதம் அக்காவும் அத்தானும் சுவிஸிலிருந்து வந்தபோது சூட்கேசுக்குள் துவாயால் சுற்றிக் கொண்டுவந்த சாமான் அது.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி இது, நுகமோ?"

"கிட்டத்தட்ட அப்பிடித்தான் மாமி. ஒரே நேரத்தில ரெண்டு பேரை மலைக்கு இழுத்துக்கொண்டு போற சாமான்."

காலில் ஸ்கீ என்கிற நீளப் பலகைகளைப் பூட்டிப் பனியில் சறுக்குகிறவர்களை மலைக்கு மேலே இழுக்கிற ஸ்கீ லிப்டின் கட்டை அது. அத்தான் வருடக்கணக்காகச் சறுக்கித் திரிந்த ஒரு சின்ன மலையின் லிப்ட். அது நின்று சில வருடங்கள் ஆகிவிட்டன. வடத்தைக் கழற்றியபோது ஊராருக்கு ஆளுக்கொரு கட்டை கொடுத்தார்களாம். "மலை செத்துப்போச்சு தம்பி" என்று அவர் என்னிடம் சொன்னபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. மலை எப்படிச் சாகும் என்று கேட்டேன். அன்று இரவு பன்னிரண்டு மணிவரை பேசினோம். அதற்குப் பிறகு தேடித் தேடி வாசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வன்னியில் பனிமலையை நேரில் கண்டவர்கள் குறைவுதான். ஆனால் மார்கழி பிறந்தால் சுவிஸிலிருந்தோ நோர்வேயிலிருந்தோ கனடாவிலிருந்தோ வெள்ளை மலையில் நிற்கும் ஒரு பெறாமகனின் படம் வராத வீடும் குறைவு. அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கிற இடங்களில் பல இன்று இல்லை.

அத்தான் எண்பதுகளின் கடைசியில் சுவிஸுக்குப் போனவர். பேர்ன் மாநிலத்து மலைக் கிராமம் ஒன்றில், ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கிச் சமையல்காரராக வந்தவர். அங்கே குசினி வேலைக்காரர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கும் இராச் சாப்பாட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மணித்தியாலம் ஓய்வு உண்டு. அதற்குச் 'சிம்மர்ஸ்ருண்ட' என்று பெயர். அறைக்குப் போய்ப் படுக்கிற நேரம் என்று அர்த்தம். சுவிஸில் குசினி வேலை செய்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும். முதல் இரண்டு மாரி அத்தான் அந்த நேரத்தில் அறையில் படுத்து ஊரை நினைத்துக்கொண்டு கிடந்தார். மூன்றாவது மாரியில் முதலாளியின் தகப்பன், கிழவர், தன் பழைய ஸ்கீ ஒரு சோடியைக் கொடுத்து, "அறைக்குள் கிடந்தால் பைத்தியம் பிடிக்கும், வா" என்று இழுத்துக்கொண்டு போனார். ஹோட்டலின் பின்பக்கத்தில்தான் மலை. ஒரே ஒரு லிப்ட், ஒரே ஒரு சரிவு, கீழே ரிக்கற் விற்கிற ஒரு மரக் கொட்டில்.

சறுக்குவதற்கு முதல் மேலே போகவேண்டுமே. லிப்டின் வேலை அவ்வளவுதான். மலை அடியில் ஒரு மோட்டர், மலை உச்சியில் ஒரு பெரிய கப்பி, இரண்டுக்கும் நடுவே முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் இரும்பு வடம். வடத்திலிருந்து இடைக்கிடை கயிற்றில் இந்தக் கட்டைகள் தொங்கும். இரண்டு பேர் ஸ்கீ பூட்டிப் பக்கம் பக்கமாக நிற்க, கட்டை பின்னால் வந்து தொடையில் முட்டி இருவரையும் தள்ளிக்கொண்டு மேலே போகும். அதில் இருக்கக்கூடாது, சாயமட்டும் வேண்டும். கதிரை என்று நினைத்து இருந்தவர் விழுவார். முதல் நாள் அத்தான் நாலு முறை விழுந்தார். ஐந்தாவது முறை கிழவர் பக்கத்தில் நின்று ஜாக்கெற்றைப் பிடித்துக்கொண்டார்.

இந்த இழுவை யோசனை பெரிய பணக்காரர் இடத்தில் பிறந்ததல்ல. 1908ல் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், ரோபேர்ட் விண்டர்ஹால்டர் என்கிற விடுதிக்காரர் தன் தண்ணீர் ஆலையின் சில்லை வைத்து ஆட்களை மேட்டுக்கு இழுத்தார். 1934 மார்கழியில் சுவிஸின் டாவோஸில் ஏர்ன்ஸ்ட் கொன்ஸ்டாம் என்ற பொறியியலாளர் அமைத்த லிப்டிலிருந்துதான் அம்மாவின் வளையில் தொங்குகிற இந்த மாதிரிக் கட்டை வந்தது. அதே 1934ல் அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில் வூட்ஸ்ரொக் என்ற இடத்து மேய்ச்சல் மேட்டில், பழைய போர்ட் காரின் எஞ்சினைக் கொண்டு கயிறு சுற்றவைத்து ஆட்களை மேலே இழுத்தார்கள். காற்சட்டைப் பையில் சில்லறை உள்ள எவரும் கயிற்றைப் பிடிக்கலாம் என்று ஆன காலம் அது. கமக்காரர்கள் தங்கள் காணி மேட்டில் ஒரு கயிறும் பழைய எஞ்சினும் பூட்டி, மாரிக்காலத்தில் நாலு காசு பார்த்தார்கள்.

ஆட்கள் இருந்துகொண்டு போகும் கதிரை லிப்ட் 1936ல் அமெரிக்காவின் சன் வலி (Sun Valley) என்ற இடத்தில் வந்தது. அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் கரன் ஒரு ரயில் கம்பனியின் பொறியியலாளர். அதற்கு முந்தி அவர் வெப்ப நாடுகளில் வாழைக்குலைகளைக் கப்பலில் ஏற்றுவதற்கு, ஓடும் வடத்தில் கொக்கிகள் தொங்கவிட்ட இயந்திரம் ஒன்றில் வேலை செய்தவர். குலை தொங்கின கொக்கிக்குப் பதிலாகக் கதிரையைத் தொங்கவிட்டார். அந்த யோசனைதான் இன்று உலகத்துப் பனிமலை எல்லாவற்றிலும் ஓடுகிறது.

இதை நான் அத்தானுக்குச் சொல்ல வாய் திறந்த அன்று அம்மா ஏற்கனவே அந்தக் கட்டையில் ஒரு கதலிக் குலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எலி எட்டாத உயரம், காற்றோட்டமான இடம், அவருக்கு வேறென்ன வேண்டும். அத்தான் குலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

சரி, இந்த மலைகள் ஏன் மூடப்படுகின்றன? எவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது பனி இல்லை என்பதுதான். அது பாதிக் கதை. மற்றப் பாதி பனிக்கு முன்பே தொடங்கிவிட்டது.

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து என்று சொல்லப்படும் மாநிலங்களில் மூடப்பட்ட ஸ்கீ மலைகளை 1998 முதல் ஒரு குழு பட்டியல் போட்டு வருகிறது. இதுவரை 600க்கு மேல் சேர்த்துவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை கமக்காரர் மேட்டில் கயிறு சுற்றின சின்ன இடங்கள். ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு நடந்தே போய்ச் சறுக்கின மேடுகள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, மலைப் போருக்குப் பழக்கப்பட்டுத் திரும்பிய படைவீரர்கள் பலர் இப்படியான இடங்களைத் திறந்தார்கள். அப்புறம் பெருந்தெருக்கள் வந்தன. இரண்டு மணித்தியாலத்தில் பெரிய மலைக்குக் காரில் போகலாம் என்றானபோது பக்கத்து மேட்டுக்கு ஏன் போகவேண்டும்? எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியது, பனி குறைந்த மாரிகளும் அடுத்தடுத்து வந்தன. சின்ன மலைக்காரர்களிடம் இரண்டு மோசமான வருடத்தைத் தாங்கும் பணம் இல்லை.

காப்புறுதியும் சேர்ந்து அடித்தது. சறுக்கும்போது புதர் ஒன்றில் தட்டி விழுந்து முடமான ஒருவருக்கு மலைக்காரர்கள் 15 இலட்சம் டொலர் கொடுக்கவேண்டும் என்ற தீர்ப்பை 1978ல் வெர்மொண்ட் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதுவரை, மலையில் ஏறினவன் விழுந்தால் அது அவன் பாடு என்பதுதான் வழக்கம். தீர்ப்புக்குப் பிறகு காப்புறுதிக் கட்டணம் எகிறியது. பெரிய மலைகள் ரிக்கற் விலையில் அதைப் போட்டுக்கொண்டன. ஒரு கயிறும் ஒரு கொட்டிலும் வைத்திருந்த மனிதர் அதை யாரிடம் அறவிடுவார்? அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்ப மாடு மேய்த்தார். 1982-83 பருவத்தில் அமெரிக்கா முழுவதிலும் 735 ஸ்கீ மலைகள் ஓடின. இப்போது 500க்கும் குறைவு. ஜப்பானிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போன கூட்டம் பொருளாதாரம் சரிந்தபின் கரைந்து, மலையோரக் கிராமங்களில் துருப்பிடித்த லிப்டுகள் மிஞ்சின. பிரான்சில் மூடப்பட்டவை 180க்கு மேல்.

பனிக் கதைக்கு வருவோம். அத்தானின் மலையடி கடல் மட்டத்திலிருந்து 1,100 மீற்றர் உயரம். எங்கள் நுவரெலியா 1,868 மீற்றர், அதைவிட உயரம். உயரம் மட்டும் போதாது, பூமத்திய கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் சேர்ந்துதான் பனியைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் நுவரெலியாவில் தை மாதத்து விடியலில் புல்லில் துகள் உறைபனி கண்டால் அது செய்தியாகிறது, அங்கே அதைவிடப் பதிவான ஊரில் முழங்கால் உயரம் பனி கொட்டுகிறது. ஆனால் 1,100 மீற்றர் என்பது அல்ப்ஸ் மலைகளில் விளிம்பு உயரம். வெப்பம் ஒரு பாகை ஏறினால் பனி நிலைக்கும் எல்லை ஏறத்தாழ 150 மீற்றர் மேலே போகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கீழே மழையாக விழுகிறது, மேலே பனியாக விழுகிறது. அத்தான் சொன்னதும் அதுதான்: "கடைசி வருசங்களில நத்தாருக்கு மழை தம்பி. லிப்டுக்குக் கீழ பச்சைப் புல்லு. மாடு விட்டு மேய்க்கலாம்."

ஒரு ஸ்கீ மலை பிழைப்பதற்கு அங்கே ஒரு விதி உண்டு. பத்து மாரியில் ஏழு மாரியாவது, குறைந்தது 100 நாளுக்கு, 30 சென்ரிமீற்றர் பனி தரையில் கிடக்கவேண்டும். எங்கள் ஆட்கள் குளத்து நீர்மட்டம் பார்த்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்து முடிவு செய்வதில்லையா, அதே மாதிரியான கணக்கு. 2007ல் ஓஈசீடி எனும் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு அல்ப்ஸ் மலைகளின் 666 ஸ்கீ இடங்களை இந்த விதியில் வைத்துப் பார்த்தது. அப்போது 609 இடங்கள் தேறின. ஒரு பாகை கூடினால் 500, இரண்டு பாகை கூடினால் 404, நான்கு பாகை கூடினால் 202 மட்டும்தான் தேறும் என்று வந்தது. முதலில் விழுவது எது என்று சொல்லவேண்டியதில்லை. உயரம் குறைந்தவை, சின்னவை.

செயற்கைப் பனி செய்யலாமே என்று அம்மா கேட்டார். செய்கிறார்கள். 1950ல் அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில் மூன்று பேர் தண்ணீரையும் அமுக்கிய காற்றையும் ஒன்றாகப் பீச்சியடித்துப் பனி செய்துபார்த்தார்கள். இன்றைய இயந்திரங்களும் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் அதற்கும் குளிர் வேண்டும். காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் எடுத்து, ஏறத்தாழ மைனஸ் 2 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் துளி நிலத்தில் விழுமுன் உறையும். தண்ணீரும் வேண்டும். ஒரு ஹெக்ரேயரில் 30 சென்ரிமீற்றர் பனி போட ஏறத்தாழ 1,000 கன மீற்றர் தண்ணீர். வயற்காரர்களுக்கு விளங்கும்படி சொன்னால், வயல் முழுக்க நாலு அங்குலத் தண்ணீர் கட்டுகிற அளவு. அதற்காக மலை உச்சியில் குளம் வெட்டுகிறார்கள். இரணைமடுத் தண்ணீரில் நெல் விளைகிற ஊரிலிருந்து கேட்கும்போது அது எனக்கு அதிசயமாக இருந்தது. குளம், பம்பி, குழாய், மின்சாரம், இரவிரவாக இயந்திரத்தைப் பார்க்க ஆள். பெரிய மலைகளால் முடியும். ஒரு லிப்ட் வைத்திருக்கும் கிராமத்தால் முடியாது.

என் அபிப்பிராயம், இந்தக் கதையில் பனியைவிடக் காசுதான் பெரிய பங்காளி. அதற்குச் சாட்சி சுவிஸின் வலே மாநிலத்திலேயே இருக்கிறது. இத்தாலி எல்லைக்குப் பக்கத்தில், பெரிய சென்ற் பேர்னார்ட் சுரங்கப் பாதையின் வாசலில் சுப்பர் சென்ற் பேர்னார்ட் என்று ஒரு மலை. 1963ல் திறந்தது. லிப்ட் ஏறத்தாழ 2,800 மீற்றர்வரை போகும். பனிக்குக் குறைவே இல்லை. உச்சியிலிருந்து ஒரு பக்கம் சறுக்கினால் சுவிஸ், மற்றப் பக்கம் சறுக்கினால் இத்தாலி. ஆனாலும் 2010ல் மூடினார்கள். பழைய இயந்திரத்தைப் புதுப்பிக்கப் பணம் புரளவில்லை. மூடிய பிறகும் பனி ஒவ்வொரு வருடமும் தவறாமல் கொட்டுகிறது. ஆட்கள் நடந்து ஏறிப் போய்ச் சறுக்கிவிட்டு வருகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை பொலிவியாவில். லா பாஸ் நகரத்துக்கு மேலே சக்கல்தாயா என்ற பனிப்பாறை. 1930களின் கடைசியில் அங்கே கார் எஞ்சின் ஒன்றால் கயிறு சுற்றி லிப்ட் அமைத்தார்கள். 5,000 மீற்றருக்கு மேலே, உலகத்திலேயே உயரமான ஸ்கீ மலை. அங்கே வாடிக்கையாளரும் இருந்தார்கள், கழகமும் இருந்தது, கொட்டிலும் இருந்தது. காலடியில் இருந்த பனிப்பாறைதான் போய்விட்டது. 2015வரை தாங்கும் என்று நினைத்திருந்தார்கள், 2009லேயே முற்றாகக் கரைந்தது. இப்போது வெறும் கல்லுமலையில் கொட்டில் மட்டும் நிற்கிறது. மூடின சுவிஸ் மலைக்கு ஆட்கள் திரும்பிப் போகலாம். இங்கே போவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

யுத்தத்தால் கைவிடப்பட்ட ஸ்கீ மலைகளும் இருக்கின்றன என்று அறிந்தபோது நான் வாசிப்பதைக் கொஞ்சநேரம் நிறுத்திவிட்டேன். 1984 பெப்ரவரியில் யூகோஸ்லாவியாவின் சரயேவோ நகரம் மாரிகால ஒலிம்பிக்கை நடத்தியது. முதலில் பனி போதாது என்று பயந்தார்கள், பிறகு பனிப்புயலே வந்து ஆண்களின் சறுக்குப் போட்டியைப் பல நாள் தள்ளிவைக்கவேண்டி வந்தது. எட்டு வருடத்தில் யுத்தம். நகரத்தை மலைகளிலிருந்து சுற்றி வளைத்த முற்றுகை 1992 சித்திரையிலிருந்து 1996 மாசிவரை நீடித்தது. திரெபெவிச் மலையில் வழுக்கு வண்டி ஓடிய கொங்கிறீற் பாதை பீரங்கி நிலையாக மாறியது. இக்மன் மலையில் ஸ்கீ பாய்ச்சல் நடந்த சரிவு சண்டைக் களமானது. மலையெங்கும் மிதிவெடி. நகரத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திரெபெவிச்சுக்கு ஏறுகிற கேபிள் கார் 1959ல் தொடங்கியது, யுத்தத்தில் அழிந்தது. திரும்ப ஓடியது 2018 சித்திரையில்தான்.

பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் மலம் ஜப்பா என்ற ஸ்கீ மலையின் ஹோட்டலை 2008ல் ஆயுததாரிகள் எரித்தார்கள், லிப்டும் நாசமானது. பல வருடத்துக்குப் பிறகு அது திரும்பத் திறந்தது.

வன்னியில் இதற்கு விளக்கம் எழுதத் தேவையில்லை. 1990ல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. மாங்குளத்திலும் முறிகண்டியிலும் பாதை மேடு மட்டும் மிஞ்சி, அதில் நாயுண்ணியும் ஆவரசும் ஏறி, பிறகு மரமே வளர்ந்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப வந்தபோது, ரயிலையே காணாமல் வளர்ந்து கலியாணம் கட்டியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். முகமாலையில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்குப் பின்னால் தென்னங்காணி கிடக்க, காணிக்காரர் றோட்டில் நின்று தன் மரங்களைப் பார்த்துவிட்டுப் போன காலத்தை நாங்கள் கண்டிருக்கிறோம். திரெபெவிச் அடிவாரத்தில் நின்று மேலே பார்த்த சரயேவோக்காரர் எப்படிப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

கைவிட்ட ஸ்கீ மலையிலும் காடு இதேமாதிரித்தான் ஏறுகிறது. முதலில் புல் உயர்கிறது, பிறகு பற்றை, பிறகு பேர்ச் போன்ற மெல்லிய மரங்கள், கடைசியில் ஊசியிலை மரங்கள். ஆனால் சறுக்கின சரிவு உடனே மறைவதில்லை. சுற்றியிருக்கும் பழைய காடு கரும்பச்சை, சரிவில் புதிதாக முளைத்த காடு இளம்பச்சை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகும், எதிர்மலையில் நின்று பார்த்தால் ஒரு கோடு தெரியும். அத்தான் கைபேசியில் அப்படி ஒரு படம் காட்டினார். எனக்கு அது வெறும் காடுதான். அவர் விரலால் கோட்டை இழுத்துக் காட்டி, "இதில கிழவர் காலை முறிச்சவர். இதில அக்கா முதல் முதல் விழாமல் இறங்கினவ. இது உன்ர மருமகள் ஸ்கீ லாகரில ஓடினது" என்று சொல்லச் சொல்லத்தான் எனக்கும் தெரிந்தது. ஸ்கீ லாகர் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளை மாரியில் ஒரு கிழமை மலைக்குக் கூட்டிப்போய் ஸ்கீ பழக்குகிற முகாம். சுவிஸில் பிறந்த எங்கள் பிள்ளைகள் பலர் அங்கேதான் பழகினார்கள்.

சின்ன மலைகள் மூடப்படும்போது எனக்குப் பெரிய இழப்பாகப் படுவது இதுதான். காசுள்ளவன் பெரிய மலைக்குப் போவான், அவனுக்கு ஒன்றும் குறையாது. கோப்பை கழுவுகிற ஒரு அகதிப் பெடியன் இரண்டு மணித்தியால ஓய்வில் நடந்துபோய், இரவல் ஸ்கீயோடு, ஐந்து பிராங் ரிக்கற்றில் பழகுவதற்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு வேண்டும். கொட்டிலில் ரிக்கற் விற்ற மனிசி மாலை நாலரைக்குப் பிறகு அத்தானிடம் காசு வாங்கமாட்டாராம். கடைசி இரண்டு சுற்று இலவசம். லிப்ட் நிற்கப் போகிறது என்று விளக்கை ஒருமுறை அணைத்துக் காட்டுவாராம். கடைசியாக ஏறி, உச்சியில் தனியாக நின்று, கீழே ஹோட்டல் குசினியில் விளக்கு எரிவதைப் பார்த்தபடி ஒரே மூச்சில் இறங்கி, ஸ்கீயைச் சுவரில் சாத்திவிட்டு ஏப்ரனைக் கட்டுவார். ஐந்து மணிக்கு வெங்காயம் வெட்டத் தொடங்கவேண்டும். கை விறைத்திருப்பதால் முதல் பத்து நிமிடம் கத்தி பிடிக்கவராது. இதைச் சொல்லும்போது விரல்களை மடித்து விரித்துக் காட்டினார்.

இந்த இடத்தில் என் கதையும் ஒன்றைச் சொல்லவேண்டும். தமிழில் பனி என்றால் எங்களுக்கு மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் ஈரம்தானே. அந்தப் பனியில் நாங்களும் சறுக்கியிருக்கிறோம். எங்கள் ஊர்க் குளக்கட்டின் வயல்பக்கச் சரிவு நல்ல புல் சரிவு. விழுந்த தென்னை மட்டையில், அகலமான அடிப்பக்கத்தில் குந்தி, ஓலைக் காம்பைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டின் மேலிருந்து கீழே வாய்க்கால்வரை. புல் காய்ந்திருந்தால் மட்டை நகராது, பனி விழுந்த விடியலில் பறக்கும். அதனால் பெரியாக்கள் எழும்புமுன் போகவேண்டும். துருசுக்குப் பக்கத்தில் சரிவு செங்குத்து, அங்கே பெரிய பெடியள் மட்டும். வாய்க்காலுக்குள் விழுந்தால் பள்ளிக்கூட உடுப்போடு வீட்டில் அடி. இடப்பெயர்வுக்குப் பிறகு கட்டு உடைத்து, குளத்துக்குள் பற்றை முளைத்துக் கிடந்தது. மீளக் குடியேறியபின் குளக்கட்டை உயர்த்தி, கிறவல் போட்டு, நீர்ப்பக்கம் கல் அடுக்கித் திருத்தினார்கள். இப்போது கட்டின் மேல் உழவு இயந்திரம் போகிறது, வயலுக்குத் தண்ணீர் வருகிறது. குளம் உயிரோடு இருக்கிறது. சறுக்கின சரிவுதான் இல்லை. அந்தப் புல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று என் பிள்ளைகளுக்குக் காட்டப் போனேன், என்னால் காட்டமுடியவில்லை. அத்தானுக்காவது எதிர்மலையிலிருந்து பார்க்க ஒரு கோடு இருக்கிறது.

அத்தான் தன் மலையை இன்னும் விடவில்லை. ஸ்கீயின் அடியில் ஒட்டுகிற ஒரு வகைப் பட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் கடல்நாயின் தோலில் செய்தார்கள், இப்போது ஆட்டு மயிரிலும் நைலோனிலும் செய்கிறார்கள். மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. அதை ஒட்டிக்கொண்டு செங்குத்து மலையிலும் நடந்து ஏறலாம். உச்சியில் உரித்துச் சுருட்டி ஜாக்கெற்றுக்குள் வைத்துவிட்டுச் சறுக்கி இறங்கவேண்டியதுதான். பனி கொட்டின அடுத்த நாள் அவருக்கு லீவு கிடைத்தால் அப்படித்தான் போகிறார். கிழவர் இப்போது இல்லை. சில நாள் மகள் கூடப் போவாள்.

"எவ்வளவு நேரம் எடுக்கும் அத்தான்?" என்று கேட்டேன்.

"லிப்டில எண்டா ஒன்பது நிமிசம். இப்ப நடந்து ஏற ஒண்டரை மணித்தியாலம். இறங்க நாலு நிமிசம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நடுவில நிண்டு பாத்தா அஞ்சு."